சிட்டியை மறுபடி எழுப்பப் போகிறவர்களுக்கு

தமிழில் அறிவியல் கதையைப் படமாக்கும் இயக்குநர்களுக்கும், அதற்குக் கதை வசனம் எழுதுகிறவர்களுக்கும், பணம் போடுகிறவர்களுக்கும்,

அதிராம்பட்டினத்திலிருந்து ஒரு பார்வையாளன் எழுதுவது.

எனக்குத் தொழில் செல்போன் கடை. விற்பனையைவிட ரிப்பேர்தான் அதிகம். உடைந்த டிஸ்ப்ளே மாற்றுவேன், சார்ஜ் ஏறாத போனுக்குச் சார்ஜிங் பின் மாற்றுவேன், கடலில் விழுந்து எடுத்த போனைத் திறந்து கழுவிக் காயவைத்துப் பார்ப்பேன். கடலோர ஊரில் உப்பு அரித்த போர்டு அன்றாடம் வரும். தொழிலை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. '2.0' படத்தைப் பற்றி நான் சொல்லப்போவதைப் படித்துவிட்டு, இவன் தன் பிழைப்புக்காகப் பேசுகிறான் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. அந்தப் படத்தில் முதலில் கொல்லப்படுகிறவனே ஒரு செல்போன் மொத்த வியாபாரிதான். அதற்காக எனக்குக் கோபமில்லை. என் வருத்தம் வேறு.

போன மாதம் டிவியில் மறுபடி போட்டார்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து மூன்றாவது முறையாகப் பார்த்தேன். அடுத்த பாகத்துக்கு இடம் வைத்தேதான் படத்தை முடித்திருக்கிறீர்கள். இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு உங்களில் யாரோ ஒருவர் அதன் ரோபோ சிட்டியை மறுபடி எழுப்பத்தான் போகிறார். அதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

முதல் படத்திலிருந்து வருகிறேன். 2010 அக்டோபர் 1-ல் 'எந்திரன்' வந்தது. எங்கள் ஊரில் சினிமா எல்லா வீட்டுக்கும் பிடித்த விஷயமில்லை. என் வாப்பா கடைசிவரை தியேட்டர் வாசலை மிதித்தவரில்லை. நானும் கூட்டாளிகளும் பட்டுக்கோட்டை போய்ப் பார்த்தோம். ரஜினி வரும் இடமெல்லாம் விசில். சிட்டி கொசுவைத் துரத்துகிற காட்சிக்குத் தியேட்டரே குலுங்கிச் சிரித்தது. அப்புறம் அந்தத் தீ விபத்து வந்தது. எரிகிற குடியிருப்புக்குள்ளிருந்து ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு வருகிறது சிட்டி. குளித்துக்கொண்டிருந்த பெண்ணை அப்படியே தூக்கிவந்து கேமராக்களுக்கு நடுவில் நிறுத்துகிறது. உயிரைக் காப்பாற்றிவிட்டோம், வேலை முடிந்தது என்று அது நிற்கிறது. அந்தப் பெண்ணோ வெட்கம் தாளாமல் ஓடி வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். விசிலடித்துக்கொண்டிருந்த என் பக்கத்துப் பையன் வாயிலிருந்து விரலை எடுத்தவன், அந்தக் காட்சி முடியும்வரை மறுபடி வைக்கவில்லை. சொன்னதைச் செய்யும் இயந்திரத்துக்கும் நல்லது கெட்டது தெரிந்த மனுஷனுக்கும் என்ன வித்தியாசம் என்பதை ஒரே காட்சியில் காட்டிவிட்டீர்கள். பட்டுக்கோட்டையில் பஸ் ஏறியவர்கள் எங்கள் ஊரில் இறங்கும்வரை அதைத்தான் பேசிக்கொண்டு வந்தோம்.

அந்தப் படத்தின் கடைசிக் காட்சி 2030-ல் ஓர் அருங்காட்சியகத்தில் நடக்கிறது. கழற்றி வைக்கப்பட்ட சிட்டியைப் பார்த்து ஒரு சிறுமி, ஏன் உன்னைக் கழற்றிவிட்டார்கள் என்று கேட்கிறாள். யோசிக்க ஆரம்பித்ததால்தான் என்று அது பதில் சொல்கிறது. நூறு கார்கள் பறந்த சண்டைக்குப் பிறகு மனத்தில் தங்கியது அந்தச் சின்னப் பதில்தான். எழுத்தாளர் சுஜாதா அந்தப் படத்தின் வசனத்தில் பங்கு பெற்றவர். 2008 பிப்ரவரியில் அவர் காலமாகிவிட்டார், படத்தைப் பார்க்கவில்லை. ஆனால் அவருடைய மூச்சு அதில் இருந்தது.

இனி இரண்டாவது படம். அதை நான் பார்த்த காலம் எப்படிப்பட்டது என்று சொல்லாமல் என்னால் அதைப் பற்றிப் பேச முடியாது.

2018 நவம்பர் 15, வியாழக்கிழமை ராத்திரி. கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்தது என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அந்த ராத்திரி எங்களுக்குத் தெரிந்தது சத்தம் மட்டும்தான். விடிந்தால் வெள்ளிக்கிழமை. கரண்டு இல்லாததால் சுபுஹு பாங்கு ஒலிபெருக்கியில் வரவில்லை. மோதினார் பள்ளிவாசல் படியில் நின்று வாயால் சொன்னது பக்கத்துத் தெருவுக்கு மட்டும் கேட்டது. வெளியே வந்தால் தெருவைக் காணோம், மரம்தான் கிடக்கிறது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கமெல்லாம் தென்னை லட்சக்கணக்கில் சாய்ந்தது. முப்பது வருஷம் பிள்ளை மாதிரி வளர்த்த தோப்பு ஒரே ராத்திரியில் போய்விட்ட வீடுகள் எங்களைச் சுற்றி எத்தனையோ. மின்கம்பங்கள் டெல்டா மாவட்டங்கள் முழுக்க ஒரு லட்சத்துக்கு மேல் விழுந்தன. கரண்டும் இல்லை, டவரும் இல்லை.

என் கடையில் சின்ன ஜெனரேட்டர் ஒன்று இருந்தது. பெட்ரோல் கிடைத்த அன்று ஷட்டரைப் பாதி தூக்கினேன். ஐந்து எக்ஸ்டென்ஷன் பெட்டியைக் கோத்து, ஒரு நேரத்துக்கு நாற்பது போன் சார்ஜ் போட்டேன். ஒவ்வொன்றின் முதுகிலும் டேப் ஒட்டி அதில் பேனாவால் பேர். ஆளுக்கு அரை மணி நேரம்தான், அதற்கு மேல் யாருக்கும் கிடையாது. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருப்பார். துபாயிலும் ஜித்தாவிலும் இருக்கிற மகன்கள் டிவியில் எங்கள் ஊரைப் பார்த்துப் பதறிக்கொண்டிருக்க, இங்கே உம்மாமார்கள் செத்துப்போன போனைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஒரு வயதான அம்மா, பட்டன் போன், அதன் மூடிகூட இல்லை, ரப்பர் பேண்டு போட்டு பேட்டரியைக் கட்டியிருந்தது. "உயிரோடதான் இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும் தம்பி" என்றார். சார்ஜ் ஏறியதும் தெருப் பையன் ஒருவன் அவரைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு, சிக்னல் கிடைக்கிற இடம் தேடிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனான். மறுநாள் கடைக்கு வந்து, பேசிட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கடைக்குப் பின்தெருவில் ஒரு டவர் உண்டு. புயலில் உச்சி வளைந்து, ஒரு பக்கம் கேபிள் தொங்க நின்றது. சுற்றிலும் நிழல் தர ஒரு மரமில்லை. காக்கை, மைனா, ஒரு செம்பருந்து என்று தெருவில் மிச்சமிருந்த பறவைகளெல்லாம் அந்த டவரில்தான் வந்து உட்கார்ந்தன. ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றபடி நான் தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புயலடித்த பதின்மூன்றாம் நாள், நவம்பர் 29-ல், '2.0' வெளியானது. டவரில் தூக்குப்போட்டுக்கொள்ளும் ஒரு பறவைக் காதலனின் கதை.

டிசம்பரில் கரண்டு வந்தபிறகு என் ராத்தா (அக்கா) மகனைக் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர் போய்ப் பார்த்தேன். அவனுக்கு அப்போது பதினொரு வயது. முதல் பாதியில் நான் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன் என்பதை மறைக்கமாட்டேன். மனுஷர் கையிலிருந்த போன்கள் பிய்த்துக்கொண்டு பறப்பதும், ராத்திரி ரோட்டில் லட்சம் போன் ஒளிர்ந்துகொண்டு ஆறு மாதிரி ஊர்ந்து வருவதும், எல்லாம் சேர்ந்து ராட்சதப் பறவையாக எழுந்து சிறகு விரிப்பதும் சாதாரணக் கற்பனை இல்லை. தினமும் போனைப் பிரித்துக் கோக்கிற என் கைக்கே அது புதிதாக இருந்தது. நீரவ் ஷாவின் கேமராவும், ரசூல் பூக்குட்டியின் சத்தமும், அந்தக் கிராபிக்ஸ் செய்த பேர் தெரியாத பிள்ளைகளின் உழைப்பும் உலகத்தில் எவர் படத்துக்கும் குறைந்ததில்லை. சுமார் 500 கோடி ரூபாய் செலவானதாகச் சொன்னார்கள். அந்தப் பணம் திரையில் தெரிந்தது.

இரண்டாம் பாதியில் பட்சிராஜனின் கதை வருகிறது. பறவைகளுக்காகவே வாழ்ந்த கிழவர். அவர் பறவைகளை வளர்த்த இடத்துக்குப் பக்கத்தில் டவர் முளைக்கிறது, பறவைகள் சுருண்டு விழுகின்றன. கம்பெனிக்காரரிடமும் அமைச்சரிடமும் நடையாய் நடந்து, ஒருவரும் காது கொடுக்காமல், கடைசியில் அந்த டவரிலேயே தொங்கிவிடுகிறார். அக்‌ஷய் குமார் அந்த வேஷத்தில் உயிரைக் கொடுத்திருந்தார். பறவையியலாளர் சலீம் அலியை மனத்தில் வைத்து அமைத்த பாத்திரம் என்று அப்போதே பேசினார்கள். ராத்தா மகன் த்ரீடி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பஸ்ஸில் வரும்போது கேட்டான்: "மாமா, நீங்க கடையை மூடிடுவீங்களா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவனுக்குப் பதில் சொல்வதற்காகத்தான் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க உங்கள் மேல் வருத்தம் கூடியது.

செல்போன் அலைதான் குருவிகளைக் கொன்றது என்று உங்கள் படம் தீர்ப்பே சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்புக்குச் சான்று இல்லை. 2020 பிப்ரவரியில் இந்தியப் பறவைகளின் நிலை பற்றி ஒரு பெரிய அறிக்கை வந்தது. 15,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் பதிவுசெய்த ஒரு கோடிக்கு மேற்பட்ட குறிப்புகளை வைத்துச் செய்தது. நாடு முழுக்கப் பார்த்தால் வீட்டுக்குருவி 25 வருஷத்தில் பெரிதாகக் குறையவில்லை, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்று அதில் கண்டார்கள். டவர் இல்லாத கிராமம் இன்று ஏது? அலைதான் எமன் என்றால் கிராமத்திலும் குருவி இருக்கக் கூடாது. என் உம்மம்மா வீடு ஓட்டு வீடு. கைமரத்துக்கும் ஓட்டுக்கும் நடுவில் குருவி கூடு கட்டும். வாசலில் புதுக்கதிர்க் கொத்து தொங்கும், குருவி அதைத் தொற்றிக்கொண்டு கொத்தும். இன்று அந்த இடத்தில் நாலு பக்கமும் அடைத்த கான்கிரீட் வீடு. கதிரும் இல்லை, பொந்தும் இல்லை. வயலில் பூச்சி மருந்து அடித்தபின் குஞ்சுக்கு ஊட்டப் புழுவும் இல்லை. இதைப் புரிந்துகொள்ள ஆராய்ச்சிக்கூடம் தேவையில்லை.

அதற்காக அலைகளால் ஒன்றுமே ஆகாது என்று நான் வாதாட வரவில்லை. சந்தேகப்பட வேண்டிய விஷயம்தான். 2010-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமே பறவை, தேனீக்கள் மேல் டவர்களின் பாதிப்பை ஆராயக் குழு போட்டது. 2012 செப்டம்பரிலிருந்து நம் நாட்டில் டவர் கதிர்வீச்சு வரம்பை உலக அளவீட்டில் பத்தில் ஒன்றாகக் குறைத்தார்கள். உங்கள் படம் வெளியாகும் முன்னால் செல்போன் கம்பெனிகளின் சங்கம் தணிக்கை வாரியத்திடம் புகார் கொடுத்தது. அறிவியலுக்கு எதிரான படம், சான்றிதழை ரத்து செய்யுங்கள் என்றார்கள். ஒரு கதையைத் தடுக்கச் சொல்வது அராஜகம். அந்த விஷயத்தில் நான் உங்கள் பக்கம். ஆனால் படத்தைத் தடுக்கக் கூடாது என்பதற்காகப் படத்தில் சொன்னதெல்லாம் சரி என்று ஆகிவிடுமா?

எனக்குப் பொறுக்கவே முடியாதது இதுதான்: நீங்கள் விட்ட உண்மை, நீங்கள் சொன்ன பொய்யைவிட எவ்வளவோ பெரிய அதிசயம். ஜெர்மனியில் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் ராபின் என்கிற சின்னப் பறவைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். 2014-ல் நேச்சர் இதழில் வந்தது. வலசை போகும் காலத்தில் அந்தப் பறவைக்குப் பூமியின் காந்தத்தை வைத்தே திசை தெரியும். நகரத்தில் மரக்குடிலில் வைத்தால் திசை தடுமாறியது. குடிலைச் சுற்றி அலுமினியத் தகடு அடித்து எர்த் கொடுத்ததும் திசை தெளிந்தது. எர்த் ஒயரைக் கழற்றினால் மறுபடி தடுமாற்றம். எர்த் போட்டால் இரைச்சல் போவதை நான் கடையில் தினமும் பார்க்கிறேன், எனக்கு அதைப் படித்தபோது மயிர் கூச்செறிந்தது. தடுமாறவைத்த அலை 5 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது. பழைய மத்திய அலை ரேடியோவும் வீட்டு மின்சாதனங்களும் கிளப்பும் இரைச்சல். நம் போன் பேசுவது 800, 900, 1800 என்று அதற்கு வெகு மேலே. ஆக, மனுஷன் கிளப்பும் மின் இரைச்சல் பறவையின் திசைகாட்டியைக் கெடுக்கும் என்பது நிஜம், குற்றவாளி மட்டும் வேறு ஆள். துப்பறியும் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்?

டவர் பறவையைக் கொல்வதும் நிஜம்தான், வேறு விதத்தில். அமெரிக்காவிலும் கனடாவிலும் உயரமான டவர்களிலும் அவற்றைத் தாங்கும் இழுகம்பிகளிலும் ராத்திரியில் மோதி ஆண்டுக்கு சுமார் 68 லட்சம் பறவைகள் சாவதாக 2012-ல் கணக்கிட்டார்கள். அணையாமல் எரியும் சிவப்பு விளக்கு அவற்றை இழுக்கிறது. அதை அணைந்து அணைந்து எரிய வைத்தாலே சாவு பாதிக்கு மேல் குறைகிறது என்றும் கண்டுபிடித்தார்கள். ராஜஸ்தானில் கானமயில் உயரழுத்த மின்கம்பியில் அடிபட்டு அழிந்துகொண்டிருப்பதால் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2021-ல் உத்தரவும் வந்தது. ஒரு விளக்கை மாற்றினால் லட்சம் உயிர் பிழைக்கும் என்றால், அந்த விளக்கை மாற்றவைக்க ஒரு கிழவர் போராடுகிற கதை எவ்வளவு வலுவாக இருந்திருக்கும்!

எங்கள் பக்கத்துக்கு வாருங்கள். இங்கே பறவையைக் கொல்வது என்ன என்று ரோட்டில் நின்றாலே தெரியும். மடையானையும் கொக்கையும் உள்ளானையும் வலையில் பிடித்து, இறக்கையைப் பிணைத்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு விற்பதை டெல்டாவில் பார்க்காதவர் இல்லை. 1972-ன் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், ஆனாலும் நடக்கிறது. குருணை மருந்து கலந்த இரையைத் தின்று வயலில் செத்துக் கிடக்கும் பறவைகள் வேறு. உப்பங்கழியையும் நெல்வயலையும் வெட்டி இறால் பண்ணை போட்டபோது பறவை மேய்ந்த சேறு எவ்வளவோ போனது. பட்சிராஜனை நீங்கள் மனுக்கொடுத்துத் தோற்றுத் தூக்கில் தொங்கவைத்தீர்கள். எங்கள் கடற்கரையில் நிஜமாகவே ஒரு கிழவர் மனுக்கொடுத்தார். சர்வோதயத் தலைவர் எஸ். ஜகந்நாதன். தன் எண்பதாவது வயதை ஒட்டி, மனைவி கிருஷ்ணம்மாளோடு கிராமம் கிராமமாக மக்களைத் திரட்டி, இறால் பண்ணைகளை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11-ல் வென்றார். கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் இறால் பண்ணை கூடாது என்று தீர்ப்பு வந்தது. 2005-ல் வந்த ஒரு சட்டம் அந்தத் தீர்ப்பின் பல்லைப் பிடுங்கியது என்பது அடுத்த கதை. வென்றவரின் கதையும், வென்றபின் தோற்கடிக்கப்பட்ட கதையும் கையெட்டும் தூரத்தில் இருக்க, நீங்கள் ஏன் பட்சிராஜனைப் பேயாக்கினீர்கள்?

ஆம், பேய்தான். 'ஆரா' என்று பேர் வைத்து, சில கருவிகளையும் காட்டி, செத்தவரும் செத்த பறவைகளும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு சக்தி ஆகிவிட்டதாகச் சொன்னீர்கள். பேய்ப் படம் எடுப்பது தப்பில்லை. ஆனால் 'எந்திரன்' பார்த்துவிட்டு வந்தவனிடம் அதை அறிவியல் என்று சொல்லக் கூடாது. அறிவியல் கதையில் நடக்காத ஒன்றை நம்பச் சொல்லலாம், ஒன்றே ஒன்று. அதற்குப் பிறகு எல்லாம் அதன் விதிப்படி நடக்க வேண்டும். முதல் படத்தில் நம்பச் சொன்னது யோசிக்கும் இயந்திரம். மிச்சமெல்லாம் அதிலிருந்து தானாக வந்தது. இரண்டாவது படத்தில் போன் ஏன் பறக்கிறது என்று கேட்டால் ஆரா, ஆளுக்குள் எப்படிப் புகுந்தது என்று கேட்டால் ஆரா.

சிட்டிக்கு நடந்ததுதான் இன்னும் கொடுமை. யோசிக்க ஆரம்பித்ததற்காகத் தன்னைத் தானே கழற்றிக்கொண்ட இயந்திரம் அது. அதை மறுபடி எழுப்பினால் அது முதலில் என்ன கேட்டிருக்க வேண்டும்? என்னை எதற்கு எழுப்பினீர்கள், நான் யோசிக்கலாமா கூடாதா என்றல்லவா? இத்தனை வருஷம் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது எப்படி இருந்தது என்று அதுவும் சொல்லவில்லை, அதைச் செய்த விஞ்ஞானி வசீகரனும் கேட்கவில்லை. நேரே சண்டைக்கு அனுப்பிவிட்டார்கள். தோற்றதும், அழிக்கும் புத்தி தருகிற சிவப்புச் சிப்பைப் போட்டார்கள். முதல் படத்தில் அந்தச் சிப் ஒரு பாவம், அதனால்தான் ஊரே எரிந்தது. இரண்டாவது படத்தில் அதே சிப் கைதட்டல். இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் பார்த்த ராத்தா மகன் இதைத்தான் முதலில் கேட்டான்.

பறவைக்காகப் போராடும் பட்சிராஜன் பக்கம் நியாயம் இருக்கிறது, சிட்டி பக்கம் கடமை இருக்கிறது. இரண்டும் உட்கார்ந்து பேசியிருந்தால் எப்படி இருந்திருக்கும்! ஒருவர் இயற்கைக்காகப் பேசுகிறார், இன்னொன்று மனுஷனே இல்லாதது. இரண்டு பேருக்கும் மனுஷன் மேல் கேள்வி உண்டு. அந்த உரையாடலை நான் இரண்டரை மணி நேரமும் எதிர்பார்த்தேன். ஜெயமோகன் மாதிரி எழுத்தாளர் வசனத்தில் இருந்தும் அது வரவில்லை.

கடைசியில் பட்சிராஜனை எப்படி வீழ்த்தினார்கள் என்று நினைத்துப் பாருங்கள். குட்டி இயந்திரங்கள் புறா மேல் ஏறிவந்து, நீ வசீகரன் உடம்பை விட்டு வெளியேறாவிட்டால் இந்தப் புறாக்களைக் கொன்றுவிடுவோம் என்று மிரட்டுகின்றன. பறவைகளைக் காப்பாற்றச் சொல்லும் படம், பறவைகளைப் பிணைக்கைதியாகப் பிடித்து ஜெயிக்கிறது. தியேட்டரில் அந்த இடத்துக்குக் கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. அது பெரிய தப்பு. அதை எழுதியவர்கள் ஒரு நிமிஷம் நின்று யோசித்திருந்தால் அவர்களுக்கே தெரிந்திருக்கும்.

தொடர்ச்சிக் கதை எழுதுவது எப்படி என்று வெளிநாட்டுப் படத்தைப் பார்த்துக் கற்க வேண்டியதில்லை. சுஜாதா ஆனந்த விகடனில் 'என் இனிய இயந்திரா' எழுதினார், அப்புறம் அதன் தொடர்ச்சியாக 'மீண்டும் ஜீனோ' எழுதினார். ஜீனோ ஓர் இயந்திர நாய். படிக்கும், யோசிக்கும், கேள்வி கேட்கும். என் காக்கா (அண்ணன்) பைண்டு பண்ணி வைத்திருந்த தொடரில் நான் அதைப் படித்தேன். இரண்டாவது கதையில் ஜீனோ நமக்கு இன்னும் நெருக்கமானதே தவிர, அதற்கு உடம்பு பெரிதாகிச் சண்டை போடவில்லை. அந்தக் கதைகளின் நாயகி பேர் நிலா. உங்கள் படத்தின் பெண் இயந்திரத்துக்கும் நிலா என்று பேர் வைத்தீர்கள். பேரை எடுத்துக்கொண்ட நீங்கள் அந்த நாயின் மூளையையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டிருக்கலாம்.

ஒரு விஷயம் சொல்லி முடிக்கிறேன். கோடிக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்காரர்கள் பல காலமாகப் பறவை பிடித்து வளையம் போட்டு விடுகிறார்கள். சலீம் அலியே வந்து வேலை பார்த்த இடம். புயலுக்கு இரண்டு வருஷம் முன்னால் ஒரு விடியற்காலையில் நான் அங்கே போயிருந்தேன். வலையிலிருந்து எடுத்த ஒரு கொசு உள்ளானின் காலில் சின்ன அலுமினிய வளையத்தை இடுக்கியால் மூடினார்கள். எண் பொறித்த வளையம், நான் போர்டில் போடும் ஸ்குரூவைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஒரு நொடி என் உள்ளங்கையில் வைத்தார்கள். எடை 25 கிராம் வாக்கில். நான் தினமும் மாற்றும் போன் பேட்டரியில் பாதிகூட இல்லை. நெஞ்சு துடிப்பது விரலில் தெரிந்தது. ஆர்க்டிக் பக்கத்துத் தரையில் முட்டையிட்டுப் பொரிக்கிற பறவை, மேப்பும் டவரும் இல்லாமல் எங்கள் உப்புச் சேற்றுக்கு வந்து இறங்குகிறது. கையைத் திறந்ததும் கடல் பக்கம் பறந்துவிட்டது. இப்படிப்பட்ட பறவைகளை வைத்து நீங்கள் எங்களை அழவைத்தீர்கள். வியக்கவைத்திருக்க வேண்டும்.

ராத்தா மகனுக்கு இப்போது வயது கூடிவிட்டது. கடையை நான் மூடவில்லை. பின்தெரு டவரை நிமிர்த்திவிட்டார்கள், அதன் உச்சியில் சிவப்பு விளக்கு எரிகிறது.

மூன்றாவது படம் எழுத உட்காரும் முன்னால் ஒரு தடவை மார்கழி, தை மாதத்தில் எங்கள் கரைக்கு வாருங்கள். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையும், உதயமார்த்தாண்டபுரம் ஏரியையும், கோடிக்கரைப் பூநாரையையும் காட்டுகிறேன். கேமரா வேண்டாம், எழுதுகிறவர் கட்டாயம் வர வேண்டும். விடிவதற்கு முன்னால் உப்பளக் கரையில் இருக்க வேண்டும். நான் கடை திறப்பது பத்து மணிக்கு, அதுவரை உங்களோடு நடப்பேன்.

இப்படிக்கு,
கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்போன் கடை வைத்திருக்கும் உங்கள் பார்வையாளன்,
அதிராம்பட்டினம்.